திரும்பிப் பார்க்காத பால்கோவா

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடுகிற வயசுக்கு நாம் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டோம். உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. எனக்கு இரண்டும் உண்டு, கூடவே ஒரு பூனையும் உண்டு. மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதற்குத் தும்மல் என்று போன வாரம் கேளம்பாக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன்.

எதிர் நாற்காலியில் ஒரு இளம் ஜோடி. கழுத்தில் ஆபீஸ் அட்டையைக்கூடக் கழற்றவில்லை. காலடியில் ஒரு வெள்ளை நாய்.

"எது சொன்னாலும் கேக்கறதே இல்ல ஆன்ட்டி. ட்ரெயினர் வச்சும் பார்த்துட்டோம். பயங்கர ஆட்டிட்யூட்" என்றாள் அந்தப் பெண்.

"காது கேக்குதான்னு பாத்தீங்களா?" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் அவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. ஆனால் வீடு திரும்பும் வரை, ஷேர் ஆட்டோவில் பூனைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குடியிருப்பில் நாங்கள் இருந்த அந்த ஒரு மழைக்காலத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கும் சொல்லத் தோன்றியது.

அப்பாவுக்குக் கடலோரத்து ஆபீஸில் வேலை. குடியிருப்பு முழுக்க ஊர் ஊராக வந்தவர்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு, ஒரே சிவப்புத் தரை, ஒரே மாதிரி உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பி. எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். பக்கத்து வீட்டு அத்தைக்கும் மாமாவுக்கும் கோயம்புத்தூர்ப் பக்கம். அவர்கள் எங்களுக்குச் சொந்தம் ஒன்றும் இல்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தோம், அதனால் அத்தை, மாமா. அவர்களுக்கு ஒரே பையன். மூன்று வயசு ஆகப்போகிறது, நன்றாக ஓடுவான், சிரிப்பான், பேச்சு மட்டும் வரவில்லை.

"ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்று குடியிருப்பே சேர்ந்து சொன்னது. என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருஷம் ஆவணி வாக்கில் சித்தப்பா ஊரிலிருந்து ஒரு ராஜபாளையத்து நாய்க்குட்டியை ரயிலில் கொண்டுவந்தார். செங்கல்பட்டு ஸ்டேஷனில் போய் அழைத்துவந்தோம். மாம்பழக் கூடைக்குள் வைக்கோலுக்கு நடுவே பால் வெள்ளையாக ஒரு சுருட்டல். மூக்கு ரோஜா நிறம். ஸ்டேஷனில் சரக்கு ரயில் ஒன்று தடதடத்துக்கொண்டு போனபோதும் அது கண்ணைத் திறக்கவில்லை. "பாத்தியா, எப்பேர்ப்பட்ட தைரியம்! வேட்டைநாய் வம்சம்ல!" என்றார் சித்தப்பா. நான் அதற்குப் பால்கோவா என்று பேர் வைத்தேன். எங்கள் ஊர் இனிப்பு, அதே நிறம். அந்தப் பேர் அதற்குக் கடைசிவரை தெரியாது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பால்கோவா மூன்று மாதத்தில் என் இடுப்புயரம் வளர்ந்தது. வளர்ந்ததே தவிர, ஒரு சொல் கேட்கவில்லை. அப்பா ஆபீஸில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவர். சாயங்காலம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்தரையில் நின்று "வா! உட்கார்! நில்லு!" என்று கத்துவார். அது வண்ணத்துப்பூச்சி பார்க்கும். செய்தித்தாளைச் சுருட்டி முதுகில் ஒன்று வைப்பார். அப்போது மட்டும் துள்ளித் திரும்பி, எதற்கு இது என்பதுபோல அவர் முகத்தைப் பார்க்கும். "திமிரு. சுத்தத் திமிரு" என்பார் அப்பா.

தீபாவளியன்று லட்சுமி வெடி வெடித்தபோது தெருநாய்கள் எல்லாம் சவுக்குத்தோப்புக்குள் ஓடி ஒளிந்தன. பால்கோவா வாசலில் மல்லாந்து தூங்கியது. அத்தை வீட்டுப் பையனும் தன் அம்மா தோளில் அப்படியேதான் தூங்கினான்.

"என்ற பையனும் உங்க நாயும் ஒண்ணுங்க்கா. எதுக்கும் பயப்பட மாட்டாங்க" என்று அத்தை பெருமையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அந்தக் கடி நடந்தது. பால்காரம்மா எப்போதும் பின்கட்டு வழியாக வருவார். பால்கோவா குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம், கேன் உருளும் ஓசை, பிறகு பால்காரம்மாவின் கூப்பாடு. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்புத் தரையில் பால் ஓடிக்கொண்டிருந்தது. நாய் மூலையில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா நாயிம்மா இது! எத்தினி தபா கூப்ட்டேன், நவுருடா நவுருடான்னு. காதுலயே வாங்காம தூங்கினு கீது. சரி, தாண்டிப் போவலாம்னு கால வச்சேன், வாலாண்ட பட்டுச்சி. லபக்குனு கவ்விடுச்சிம்மா!"

அம்மா சோப்பும் தண்ணீரும் போட்டுக் காயத்தைக் கழுவிக் கழுவி ஊற்றினாள். அப்பா பால்காரம்மாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றைய ஊசியைப் பற்றி நம் வயசுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று கேட்டாலே நமக்கு வயிறு சுருங்கும்.

மத்தியானத்துக்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி. சாயங்காலம் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். குழந்தைகள் விளையாடுகிற இடம், வெறிநாயாக இருந்தால் என்ன செய்வது, உடனே அப்புறப்படுத்துங்கள். பக்கத்து வீட்டு மாமாவும் அந்தக் கும்பலில் இருந்தார். அப்பா தலையை ஆட்டினார். செய்யூர்ப் பக்கம் யாரோ வேர்க்கடலைக் கொல்லைக்குக் காவல்நாய் கேட்கிறார்களாம், ஆபீஸ் வேன் டிரைவர் சொன்னாராம். சங்கிலியில் கட்டிப் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

நான் அழுதேன். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அம்மா பேசியது. அம்மாவுக்கு நாய் என்றால் அவ்வளவாகப் பிடிக்காது.

"ஒரு தடவை மாட்டாஸ்பத்திரில காட்டிருவோம்."

"எதுக்கு? அதுக்கு என்ன காய்ச்சலா?"

"பால்காரம்மா அத்தனை தடவை கூப்பிட்டிருக்காங்க. நான் உள்ள அடுப்படியில இருந்து கேட்டேன். தூங்குற நாய் ஏன் எந்திரிக்கல? எனக்கு அது தெரியணும்."

அந்த "எனக்குத் தெரியணும்" எனக்கு இன்னும் அம்மாவின் குரலிலேயே கேட்கிறது.

செய்யூருக்குக் கொண்டுபோவதாக இருந்த அதே வேனில் செங்கல்பட்டுக்குப் போனோம். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்வரை பால்கோவா ஜன்னலில் மூக்கை நீட்டி மழையை மோந்துகொண்டே வந்தது.

அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியை முதல்முதலாக அன்றுதான் பார்த்தேன். ஓட்டுக் கட்டடம், முன்னால் வேப்பமரம், மாடுகளை நிறுத்துகிற இரும்புக் கூண்டு. பினாயில் வாசனையும் சாண வாசனையும் ஈர வைக்கோல் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. டாக்டர் ஒரு பெண். புடவையை இழுத்துச் செருகி, காலில் ரப்பர் பூட்ஸ். கண்ணாடி வளையல்களைக் கழற்றி மேஜைமேல் ஒரு டம்ளரில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு மாட்டுக்குள்ளும் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்துவிட்டுக் கழுவிக்கொண்டு வருவார்.

எங்கள் முறை வரும்வரை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஒருவர் மாடு சுவரை நக்குகிறதாம், பேய் பிடித்ததா என்கிறார். "பேயும் இல்ல பிசாசும் இல்ல. உப்புச்சத்து கொறைவு. தவிட்டுல தாது உப்பு கலந்து வைய்யி" என்கிறார் டாக்டரம்மா. ஒரு கிழவி கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். "தான் போட்ட முட்டைய தானே தின்னுதும்மா, இத்த இன்னா செய்ய?" "கடற்கரையில கிளிஞ்சல் கெடக்குதுல்ல? பொடிச்சுப் போடு. சுண்ணாம்பு பத்தாமத்தான் தின்னுது." எல்லாருடைய பிராணியும் ஏதோ அடாவடி செய்தது. அந்த அடாவடிக்கு எல்லாம் ஒரு காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் என்னை அப்படிப் பிடித்து உட்காரவைத்ததில்லை.

பால்கோவாவின் முறை வந்ததும் அப்பா ஆரம்பித்தார். "கீழ்ப்படியாது. முரடு. இப்போ கடிக்கவும் கடிச்சிருச்சு."

டாக்டரம்மா நாயின் மூக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வெள்ளைவெளேரென்ற காதை மடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "பாப்பா, நீ முன்னாடி நின்னு அதுக்கு ஒரு பிஸ்கட்ட காட்டு" என்றார். தான் பின்னால் போய், ஒரு சாக்கின்மேல் ஏறி நின்றுகொண்டார். கையில் ஊசி வைக்கிற எவர்சில்வர் தட்டு. அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, இரும்புக் கரண்டியால் ஒரே அடி.

கூண்டிலிருந்த மாடு எகிறியது. கிழவியின் கோழி அக்குளிலிருந்து பறந்தே போய்விட்டது. அப்பா "ஐயோ" என்று காதைப் பொத்தினார்.

பால்கோவா என் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி அடித்தார். இடப்பக்கம், வலப்பக்கம். நாய் திரும்பவில்லை. கடைசியாகச் சாக்கிலிருந்து இறங்கி, பூட்ஸ் காலால் தரையை ஓங்கி மிதித்தார். சட்டென்று திரும்பியது.

"இப்ப மட்டும் கேக்குதே?" என்றேன்.

"காதால இல்ல பாப்பா. தரை அதிர்ந்தது பாதத்துல தெரிஞ்சுது. அதுக்குத்தான் சாக்குமேல நின்னேன். காத்து படக்கூடாது, நிழல் விழக்கூடாது, தரை அதிரக்கூடாது. அப்பதான் காதை மட்டும் சோதிக்க முடியும்." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "சார், இதுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. இந்தப் பால்வெள்ளை ஜாதியில சிலதுக்கு அப்படி இருக்கும். இது பொல்லாத நாய் இல்ல. திடுக்கிட்ட நாய்."

அப்பா குனிந்து அதன் முதுகைத் தடவினார். செய்தித்தாள் அடி விழுகிற அதே இடத்தை.

பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொன்னார் டாக்டரம்மா. பால்காரம்மா ஊசியைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்றார். தூங்கும்போது தொடாதீர்கள், தரையைத் தட்டி எழுப்புங்கள், கையை முதலில் மோந்து பார்க்கவிடுங்கள், வாயால் சொல்வதைக் கையால் சொல்லுங்கள். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தாள்.

நாய் செய்யூருக்குப் போகவில்லை. பத்து நாளும் ஒன்றும் ஆகாமல் கழிந்ததும், பால்காரம்மாவே "பாவம், செவுட்டுப் புள்ள. கண்ணு தெரியாதவங்கள தள்ளிவுட்டா மாறி நானுதான் அத்த மிதிச்சிட்டேன்" என்று பிஸ்கட் கொண்டுவந்தார். உள்ளங்கையை விரித்துக் கீழே இறக்கினால் உட்கார், மார்பில் தட்டினால் வா. அம்மா கற்றுக்கொடுத்தாள், பால்கோவா ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது.

எனக்கோ சோதனைப் பைத்தியம் பிடித்தது. டாக்டரம்மா சாக்குமேல் நின்று தட்டடித்த கதையைக் குடியிருப்பில் எல்லோருக்கும் சொன்னேன். எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகக் குடியிருப்பைச் சுற்றினேன். காகத்துக்குக் கேட்கும். ஓணானுக்குக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற அப்பாவுக்கு நன்றாகவே கேட்கும்.

அப்படித்தான் ஒரு நாள் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பையன் கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சொன்னதை அப்படியே செய்தேன். கால்மிதியின்மேல் நின்றேன். நிழல் விழாத பக்கம் பார்த்தேன். தட்டைத் தலைக்குமேல் தூக்கி ஓங்கி அடித்தேன்.

அவன் இன்னொரு டம்ளரை எடுத்து மேலே வைத்தான்.

மறுபடி அடித்தேன். இடப்பக்கம். வலப்பக்கம். என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில். தரையை மிதித்தேன். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பின்கட்டுக்கு ஓடினேன். "அத்தை! தம்பிக்கும் பால்கோவா மாதிரியேதான்! காது கேக்கல!"

அத்தையின் கையில் முறுக்கிய துணி அப்படியே நின்றது. சோப்பு நுரை முழங்கையிலிருந்து சொட்டியது.

"நீ வீட்டுக்குப் போ சாமி" என்றார், ரொம்ப மெதுவாக.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வாசலில் நின்று கத்தினார். "நாயக் கொண்டுபோய்க் காட்டுன கையோட என்ற பையனுக்கும் வைத்தியம் பார்க்கறீங்களா? உங்க பொண்ணு வாய அடக்கி வைங்க!" அப்பா மன்னிப்புக் கேட்டார். உள்ளே வந்து என் தட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டார். பக்கத்து வீட்டுப் பச்சைக் கதவு சாத்திக்கொண்டது.

அம்மா என்னைத் திட்டவில்லை. அடுப்படிக்குக் கூப்பிட்டு, கதவை ஒருக்களித்துவிட்டு, ரகசியம் மாதிரிக் கேட்டாள். "எங்க நின்னு தட்டுன?"

"கால்மிதி மேல."

"நிழல் விழுந்துச்சா?"

"இல்ல."

"திரும்பவே இல்லையா?"

"தரையை மிதிச்சப்போதான் திரும்பினான்."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "எனக்கும் கொஞ்ச நாளா ஒரு சந்தேகம்டி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு தாய்கிட்ட போய்..." முடிக்கவில்லை. இப்போது யோசித்தால், குடியிருப்பில் இன்னும் எத்தனை பேருக்கு அந்தச் சந்தேகம் இருந்ததோ என்று தோன்றுகிறது. அவனை எத்தனையோ பேர் பின்னாலிருந்து கூப்பிட்டிருப்பார்கள். அவன் திரும்பாததை எல்லோரும் ஏதோ ஒரு பேர் வைத்து மூடினார்கள். சமத்து, பயமில்லாதவன், விளையாட்டுப்புத்தி, லேட்டாப் பேசுவான்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது, கரண்ட் இல்லை, ஃபேன் நின்று வீடே நிசப்தமாக இருந்தது. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். தட்டு ஒன்று விழுந்த சத்தம்.

கொஞ்ச நேரம் அமைதி. அடுத்து டம்ளர். அடுத்து அடுக்குப் பாத்திரம், உருண்டு உருண்டு ஓய்கிறவரை கேட்டது. அம்மாவின் விரல்கள் முறத்தில் நின்றுவிட்டன. பிறகு ஏதோ கனமான ஒன்று, பித்தளைக் குடமாக இருக்க வேண்டும், சுவரில் மாட்டியிருந்த எங்கள் காலண்டர் ஆடியது. அதன்பிறகு ஒன்றுமே இல்லை.

அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுக்கப் பாத்திரம். நடுவில் அத்தை உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரத்தில் கட்டிலின்மேல் பையன் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கம்பி வழியாகக் காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கட்டில் மேல நிக்க வச்சேனுங்க்கா" என்றார் அத்தை. "தரை அதிர்றது அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு."

அம்மா பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அத்தையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்களா என்று எனக்கு ஞாபகமில்லை. குடத்தில் விழுந்த நசுங்கல் மட்டும் ஞாபகமிருக்கிறது.

மறுநாள் அம்மாவும் அத்தையும் பையனும் பஸ் பிடித்துச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாமா வரவில்லை. அடுத்த முறை வந்தார். அதற்கடுத்து மெட்ராஸுக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். கொஞ்சமே கொஞ்சம் கேட்கிறது, கருவி மாட்டினால் பலன் இருக்கும், இப்போதாவது வந்தீர்களே என்று அங்கே சொன்னார்களாம். மாமா அன்று திரும்பி வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், அந்தத் தட்டு எங்கே என்று கேட்டுப் பரணில் ஏறி, அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கருவி பொங்கலுக்குப் பிறகு வந்தது. சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அத்தை அதற்குப் பூப்போட்ட துணியில் பை தைத்து, அவன் மார்பில் கட்டிவிட்டார். அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. மாட்டின கையோடு பிய்த்து எறிவான், வீறிட்டு அழுவான். அத்தை அவன் பேரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார். அவன் பால்கோவாவின் வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "வீண் ஆசைதானுங்க்கா" என்று அத்தை சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் மகாபலிபுரம் போனோம். கூட்டமில்லாத இடமாகப் பார்த்து, ஊருக்கு வெளியே சவுக்குத்தோப்பு வழியாக நடந்தோம். மாமா சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். பால்கோவாவின் கயிறு என் கையில். காலடியில் சவுக்கு முள்ளும் காயும் நறநறத்தன. தோப்பு முடிகிற இடத்தில் ஒரு மணல்மேடு. அதற்கு அந்தப் பக்கம்தான் கடல், இங்கிருந்து தெரியாது.

மேட்டின் அடியில் பையன் நின்றுவிட்டான்.

கை மெல்லக் காதுக்குப் போனது. பிய்க்கப்போகிறான் என்று அத்தை பாய்ந்து பிடிக்கப் போனார். அம்மா அவர் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் பிய்க்கவில்லை. காதை அமுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மணல்மேட்டைப் பார்த்தான். பிறகு விரலை நீட்டி அத்தையின் முகத்தைப் பார்த்தான். அது என்ன?

"கடல், சாமி" என்றார் அத்தை. இன்னொரு தடவை சொன்னார். "அது கடல்!"

அவன் ஏறினான். இரண்டு தடவை சரிந்து, கையையும் ஊன்றிக்கொண்டு, யாரையும் தூக்கவிடாமல் ஏறினான். நாங்கள் பின்னால் போனோம். உச்சியில் நின்று அவ்வளவு பெரிய தண்ணீரைப் பார்த்தான். காதிலிருந்ததைக் கழற்றினான். கடலைப் பார்த்தான். திரும்பக் காதில் வைத்து அமுக்கிக்கொண்டான். கடலைப் பார்த்தான். கழற்றினான். வைத்தான். அலை வந்து விழுகிற நேரம் பார்த்துக் கழற்றினான், அடுத்த அலைக்கு வைத்துக்கொண்டான்.

மாமா கூடையை இறக்கி வைக்க மறந்து நின்றார். அத்தை மணலில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு நல்ல பசி. ஆனாலும் அவன் சோதித்து முடிக்கட்டும் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம்.